நூற்றுக்கு 89 சரி... மீதி 11 குழந்தைகள் எங்கே?

தடுப்பூசிக் கணக்கில் கீழ் எண் உதைக்கிறது! - ஓர் அலசல்

தமிழ்நாட்டில் நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால் 89 பேருக்கு முக்கியமான தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டது. இது தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கு. ஒரு வயது முடிந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளின் கணக்கு இது. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண் 76 தான்.

சபாஷ் போட வேண்டிய விஷயம். போட்டுவிடுவோம்.

ஆனால் கிரைம் செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "இந்த மாசம் நம்ம லிமிட்ல திருட்டே கிடையாது" என்று ஓர் அதிகாரி மார்தட்டினால், "திருட்டு நடக்கலையா, இல்லே எஃப்.ஐ.ஆர். போடலையா சார்?" என்று வாய் வரை வந்துவிடும். எழுதின திருட்டுதான் கணக்கில் வரும். எழுதாத திருட்டு, பறிகொடுத்தவன் வயிற்றெரிச்சலோடு முடிந்துபோகும்.

தடுப்பூசிக் கணக்கும் அப்படித்தான். மீதி 11 பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அந்த நூறு பேரில் யாரைச் சேர்த்தார்கள், யார் சேராமலே போனார்கள் என்பது.

மேலே ஓர் எண், கீழே ஓர் எண்

சதவீதம் என்றால் இரண்டு எண். மேலே, ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள். கீழே, போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தைகள்.

மேல் எண்ணை எண்ணுவது சுலபம். சுகாதார நிலையத்தில் நர்சு நோட்டில் எழுதுகிறார், மாதக் கடைசியில் கூட்டுகிறார். அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. மருந்து ஒரு குப்பியில் 10 குழந்தைகளுக்கு இருக்கும். கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான் கெடு. ஆறு குழந்தைகள் வந்தால் மீதி மருந்தைக் கொட்டத்தான் வேண்டும். ஸ்டாக் புத்தகத்தை மட்டும் பார்த்தால் 10 பேர் மருந்து காலி! கடை வைத்திருப்பவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் டின் காலியானதும் எண்ணெய் விற்பனையானதும் ஒன்றல்ல.

தனியார் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். கிளினிக்கில் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது அரசு நோட்டுக்கு வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நிஜமான வில்லங்கம் கீழ் எண்ணில்தான். ஒரு பகுதியில் ஊசி போட வேண்டிய குழந்தைகள் எத்தனை பேர்? மக்கள் தொகையை வைத்து ஓர் உத்தேசக் கணக்கு போடுவார்கள். இந்தியாவில் கடைசியாக மக்கள் தொகையை முழுசாக எண்ணி முடித்தது 2011-ல். அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். நடுவில் இத்தனை வருஷமும் ஊர் அசையாமல் நின்றதா என்ன?

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு சுகாதார நிலையத்துக்கு 100 குழந்தைகள் இலக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பகுதியில் இருந்தும் ஆட்கள் வந்து மொத்தம் 115 குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டார்கள். சாதனை 115 சதவீதம்! நூறு பேரில் 115 பேருக்கு ஊசி போட முடியுமா என்று கேட்காதீர்கள். காகிதத்தில் முடியும். பக்கத்துப் பகுதி நிலையத்தில் அதே மாதம் 70 சதவீதம் என்று வரும். அங்கே இருப்பவருக்கு மெமோ வரும்.

அம்மா வீடு, மாமியார் வீடு

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததுமே தாயைப் பதிவு செய்து 12 இலக்க எண் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டம். பிரசவமும் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆகவே, இங்கே பிறந்த குழந்தை கணக்கில் வராமல் தப்புவது அபூர்வம்.

அது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அதற்கப்புறம்?

நம் ஊர் வழக்கப்படி பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் போடுகிற ஊசிகளில் ஒன்றோ இரண்டோ அங்கே ஆகிவிடும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி இங்கே. ஒன்றரை வயது ஊசி, அப்போது எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே. ஒரே பிள்ளை, மூன்று நோட்டு! மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளைக்கு எது விட்டுப்போச்சு என்று தெரியும்.

சொந்த வீடு, நிலையான முகவரி இருப்பவர்களுக்கு இது சின்னத் தலைவலி. முகவரியே மாறிப்போகிறவர்களுக்கு?

கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரில் 2000-ம் ஆண்டுவாக்கில் இருந்தே குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் இவர்கள். இன்று அங்கே 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அப்புறம் எழில் நகர், பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்து பல குடும்பங்கள் அங்கே போயின. கட்டியது குடிசை மாற்று வாரியம். 2021-ல் இருந்து அதற்குப் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.

கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அடையாற்றங்கரை ஆட்கள் குடிபோனபோது பெரும்பாக்கம் ஓர் ஊராட்சி. மாவட்டமும் சென்னை இல்லை. அப்போது காஞ்சிபுரம், 2019-ல் இருந்து செங்கல்பட்டு.

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையின் பெயர் மாநகராட்சி சுகாதார நிலையத்து லிஸ்டில் இருக்கிறது. வீட்டை இடித்தாச்சு, லாரியில் சாமானை ஏற்றியாச்சு. பழைய இடத்து நர்சு தேடி வந்தால் அங்கே வெறும் மண்மேடு. "வீடு மாறிப் போய்விட்டார்" என்று எழுதி மூடிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புது இடத்து நர்சு லிஸ்டில் பெயர் ஏறவேண்டுமானால் யாராவது சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டத்துக்கு நடுவே அந்தக் குழந்தை தவறிப்போய்விடுகிறது. பழைய நோட்டிலும் பாக்கி இல்லை, புது நோட்டிலும் பாக்கி இல்லை. இரண்டு இடத்திலும் சதவீதம் ஜம்மென்று நிற்கும்!

தாயின் பிழைப்பு இன்னமும் பழைய பேட்டையில்தான். வீட்டு வேலைக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போகிறாள். ஊசி போடுவது புதன்கிழமை பகலில். புதன்கிழமை லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வியாழக்கிழமைக் கூலியும் போச்சு. இதை எல்லாம் "பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது ரொம்ப சௌகரியம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கும் வடமாநிலக் குடும்பங்கள் இன்னொரு ரகம். பிரசவம் பீகாரிலோ ஒடிசாவிலோ ஆகியிருக்கும். அட்டை ஊரில் பெட்டிக்குள். கட்டடம் எழும்பியதும் கொட்டகையைப் பிரித்து அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள்.

வீடு வீடாகக் கேட்டால் தெரியாதா?

நோட்டை நம்ப வேண்டாம், வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்போம் என்பதுதான் குடும்ப நல ஆய்வு. ஆரம்பத்தில் சொன்ன 89 அப்படி வந்ததுதான். நோட்டுக் கணக்கைவிட இது நம்பகமானது, சந்தேகமில்லை. ஆனாலும் இதிலும் ஓட்டை உண்டு.

கேட்கப் போனவர் முதலில் அட்டையைக் கேட்பார். அட்டை இல்லை என்றால் தாயின் ஞாபகம். "எல்லா ஊசியும் போட்டாச்சுங்க" என்பாள். எந்த ஊசி, எத்தனை தடவை என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? படித்த உத்தியோகஸ்தர்களே, உங்கள் பிள்ளைக்கு மூன்றாவது தவணை எந்த மாதம் போட்டது என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்! இந்தியா முழுவதற்கும் 76 என்று வந்ததல்லவா? அதில் அட்டை கையில் உள்ள குழந்தைகளை மட்டும் எண்ணினால் 84-க்கு ஏறிவிடுகிறது. அட்டையைப் பத்திரமாக வைக்கிற வீட்டில் ஊசியும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. மற்ற வீடுகளில் ஞாபகம் தவறிப்போனது எவ்வளவு, ஊசியே தவறிப்போனது எவ்வளவு என்று பிரிக்க முடிவதில்லை என்பதும் உண்மை.

அடுத்தது, எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்கள் என்பது. மாவட்ட வாரியாக வெளியான தாள்களில் சில எண்களை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். 50 குழந்தைகள்கூட ஆய்வில் சிக்கவில்லை, ஜாக்கிரதையாகப் படியுங்கள் என்று அதற்கு அர்த்தம். 25-க்கும் கீழே என்றால் எண்ணே கிடையாது, நட்சத்திரக் குறிதான். ஒரு மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால், அதில் கண்ணகி நகர் எவ்வளவு, அடையாறு பங்களா எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

ஆய்வுக்கு எந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் அடிப்படை 2011 மக்கள் தொகைப் பட்டியல்தான். அன்றைக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் ஆள் குடியேறவே இல்லை! பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்குக் கதவே இல்லை, தட்டுவது எதை?

ஏறி, இறங்கி, மறுபடி ஏறி...

இந்த ஆய்வின் பழைய தாள்களைப் புரட்டினால் திடுக்கிடும் தகவல் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் எண் 1998-99-லேயே 89 தான்! 2005-06-ல் 81 ஆனது. 2015-16-ல் 70-க்கு விழுந்தது. மறுபடி 89-க்கு வர 20 வருஷம் பிடித்திருக்கிறது.

நடுவில் ஒரு சோகம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். மாநிலமே அதிர்ந்தது. கிராமத்துக்கும் தெருவுக்கும் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று அரசு முடிவு எடுத்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் தெருவுக்கு வந்த ஊசி நின்றால், தெரு ஊசியைத் தேடிப் போக வேண்டும். பஸ் செலவும் நேரமும் இருப்பவர்கள் போனார்கள். இல்லாதவர்கள்? இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதற்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

மும்பையில் வெடித்தது!

சராசரி எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நகரத்தில் 10 ஆயிரம் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதியான பகுதிகளில் 9 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி ஆச்சு, அதாவது 8,550. மீதி ஆயிரம் பேர் ஒரே குப்பத்தில். அங்கே பாதிப் பேருக்குத்தான் ஆச்சு, 500. இரண்டையும் கூட்டினால் 9,050. நகரத்தின் சதவீதம் 90-க்கு மேல்! அறிக்கை பிரமாதமாக இருக்கும்.

ஆனால் தட்டம்மைக்கு அறிக்கை படிக்கத் தெரியாது. ஒரு குழந்தைக்கு வந்தால் ஊசி போடாத 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடிய நோய் அது. அதைத் தடுத்து நிறுத்த ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். ஊசி போடாத 500 குழந்தைகள் நகரம் முழுக்கச் சிதறி இருந்தால் ஒருவேளை தப்பலாம். ஒரே சந்தில், ஒரே குழாயடியில், ஒட்டி ஒட்டி இருந்தால்?

2022 அக்டோபரில் மும்பையில் இதுதான் நடந்தது. கோவண்டி, நகரத்தின் குப்பை மேட்டை ஒட்டிய நெருக்கமான குடிசைப் பகுதி. வெளிமாநிலங்களில் இருந்து பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே தட்டம்மை பரவிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. மத்தியக் குழு போயிற்று. மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் காய்ச்சல் கண்ட குழந்தைகளையும் ஊசி விட்டுப்போன குழந்தைகளையும் எண்ணினார்கள். ஆபத்தான பகுதிகளில் ஒன்பது மாதம் ஆகும்வரை காத்திருக்காமல் ஆறாம் மாதமே ஒரு கூடுதல் ஊசி போடச் சொன்னார்கள். பிள்ளை போன பிறகுதான் கதவைத் தட்டி எண்ணுகிறார்கள். கொலை நடந்த பிறகு ரோந்து போகிற மாதிரி!

அரிசி மூட்டையும் குத்தூசியும்

எண்ணுவதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, புதிதும் இல்லை.

1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஹெண்டர்சன், சுந்தரேசன் என்ற இருவர் ஒரு முறையைப் பற்றி எழுதினார்கள். 30 இடங்களைக் குலுக்கி எடு. ஒவ்வோர் இடத்திலும் 7 குழந்தைகளைப் பார். மொத்தம் 210 பேர். இதை வைத்து ஒரு பிராந்தியத்தின் நிலவரத்தை ஓரளவு சொல்லிவிடலாம். உலகம் பூராவும் இதைப் பயன்படுத்தினார்கள். குறை என்ன என்றால், முதல் வீட்டில் தொடங்கி அடுத்தடுத்த வீடாகப் போவார்கள். ஏழு பேர் கிடைத்ததும் கிளம்பிவிடலாம். ஊர்க்கோடிக் குடிசைக்குக் கால் போகாது. பின்னால் வந்த வழிகாட்டிகளில், முதலில் எல்லா வீட்டையும் லிஸ்ட் எடு, பிறகு குலுக்கு என்று மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு முறை மண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஒரு லோடு அரிசி வந்தால் மூட்டையை எல்லாம் பிரித்தா பார்க்கிறோம்? குத்தூசியால் அங்கங்கே குத்தி ஒரு கை அரிசி எடுத்துப் பார்த்துவிட்டு, இறக்கு அல்லது திருப்பி அனுப்பு என்கிறோம். தடுப்பூசியிலும் அதே. ஒரு பகுதியில் 19 குழந்தைகளைக் குலுக்கி எடுத்துப் பார்க்க வேண்டியது. இலக்கு 80 சதவீதம் என்றால், 19-ல் 13 பேருக்காவது போட்டிருக்க வேண்டும். 12 என்றால் அந்தப் பகுதி பெயில். இதை வைத்து சதவீதம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. எந்தக் குப்பத்துக்கு நாளைக் காலை முதலில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடும். அதுதானே வேண்டும்?

இன்னும் சுலபமான வழி, வெறும் கழித்தல். ஒரு நிலையத்தில் ஐந்து நோய்க்கான பெண்டா ஊசி முதல் தவணை 200 குழந்தைகளுக்குப் போட்டார்கள். மூன்றாவது தவணைக்கு வந்தது 170 பேர். 30 பேர் நடுவில் நழுவிவிட்டார்கள், நூற்றுக்கு 15. பத்துக்கு மேல் போனாலே கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். இதற்கு மக்கள் தொகை தெரிய வேண்டாம், உத்தேசம் வேண்டாம். நோட்டும் பென்சிலும் போதும்.

ஆனால் முதல் தவணைக்கே வராத பிள்ளை இந்தக் கழித்தலிலும் சிக்காது. அப்படி ஒரு தவணைகூடப் போடாத குழந்தைகள் இந்தியாவில் 2023-ல் 16 லட்சம், 2024-ல் 9 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. இவர்களைப் பிடிக்க போலியோக் காலத்து சாக்பீஸ்தான் வழி.

வட மாநிலங்களில் போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாச்சு என்றால் 'பி'. ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி வர வேண்டும். பிள்ளையின் சுண்டுவிரலில் மை. பின்னாலேயே வேறு ஆள் வந்து, தெருவில் விளையாடும் பிள்ளைகளின் விரலைப் பிடித்துப் பார்ப்பார். குடிசைப் பகுதி, நாடோடிகள், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம் என்று தனியாகவே லிஸ்ட் போட்டார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் இல்லை. அங்கே கீழ் எண்ணை ஆபீசில் உட்கார்ந்து போடவில்லை, தெருவில் போய் எடுத்தார்கள். வித்தியாசம் அதுதான்.

கம்ப்யூட்டர் வந்தால் சரியாகுமா?

2024-ல் நாடு முழுவதும் வந்த 'யு-வின்' கம்ப்யூட்டர் பதிவில், ஒரு குழந்தைக்கு எந்த ஊரில் ஊசி போட்டாலும் அதே கணக்கில் ஏறும். அம்மா வீடு, மாமியார் வீடு குழப்பத்துக்கு நல்ல மருந்து. ஆனால் அதுவும் பதிந்த பிள்ளையைத்தான் காட்டும். பதிவுக்கு மொபைல் நம்பர் வேண்டும். சிம் கார்டை மாற்றிக்கொண்டே இருக்கும் கூலிக் குடும்பத்துக்கு ஞாபகப்படுத்தும் செய்தி எந்த நம்பருக்குப் போகும்?

மாநகராட்சிக்கு 200 வார்டு இருக்கிறது. வார்டு வாரியாக, மறுகுடியமர்வுக் குடியிருப்பு வாரியாக, மூன்று எண்களை மாதம் ஒரு தடவை சுகாதார நிலைய வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடட்டும். வீடு வீடாக எண்ணியதில் ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, முதல் பெண்டாவே போடாதவர்கள் எத்தனை, நடுவில் நழுவியவர்கள் எத்தனை. எண் மோசமாக இருந்தால் நர்சுக்கு மெமோ கொடுக்கக் கூடாது, கூட ஓர் ஆள் கொடுக்க வேண்டும். மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் எண் தானாகவே நன்றாகிவிடும். எப்படி ஆகும் என்பது ஸ்டேஷன் வாசலில் நிற்பவனுக்குத் தெரியும்.

அட்டை தொலைந்தவர்கள் கவனத்துக்கு: அட்டை இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எந்த மாவட்டத்துக் குழந்தையானாலும் புதன்கிழமைகளில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாக ஊசி போடுவார்கள். பெண்டா ஊசி ஒரு வயதுக்குள் தொடங்க வேண்டும். விட்டுப்போன தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போடலாம். பழைய நிலையத்து நோட்டில் விவரம் இருக்கும், கேட்டு வாங்கிப் புது அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வீடு மாறினால் புது இடத்து நர்சிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்யலாம்.